ரோமில் தனியாளாகச் சுற்ற: டிக்கெட் பதிவு முதல் வாட்டிகன் கோபுரம் வரை முழுமையான வழிகாட்டி

ரோமுக்குத் தனியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இடங்களின் பட்டியலோடு வருகிறார்கள். பட்டியல் எவரிடமும் கிடைக்கும். சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது: எதை முதலில் பதிவு செய்வது, எந்தக் கிழமையில் எதைப் பார்ப்பது, எந்த வாசலில் நுழைவது. இதில் ஒன்று பிசகினாலும் அரை நாள் வரிசையில் போய்விடும். கூட்டமாக வந்தால் ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர் ஓடிப்போய் விசாரிக்கலாம். தனியாளுக்கு அந்த வசதி கிடையாது.

கீழே உள்ளது மூன்று முழு நாட்களுக்கான திட்டம். விசா, விமான டிக்கெட் பற்றி இதில் பேசவில்லை. கட்டணங்கள் அவ்வப்போது ஏறும் என்பதால் பதிவு செய்யும் நாளில் தளத்தில் இருக்கும் தொகையே கணக்கு.

1. முதல் வேலை: கிழமைகளைப் பொருத்துவது

விமான டிக்கெட் கையில் வந்ததும் ஒரு தாளில் ரோமில் இருக்கப்போகும் கிழமைகளை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கீழே உள்ள தடைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் குறியுங்கள்.

திங்கட்கிழமை போர்கேஸே கலைக்கூடம் மூடியிருக்கும். தேவதைக் கோட்டையான காஸ்தெல் சாந்தாஞ்சலோவும் அப்படித்தான்.

புதன்கிழமை காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடக்கும் நாட்களில் செயின்ட் பீட்டர்ஸ் பசிலிக்கா என்ற பேராலயத்துக்குள் நண்பகல் வரை சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள். அதன் முன்னுள்ள சதுக்கமும் நிரம்பி வழியும்.

ஞாயிற்றுக்கிழமை வாட்டிகன் அருங்காட்சியகம் விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறக்கும், அதுவும் பகல் 2 மணி வரைதான். இலவசம் என்று நம்பிப் போனால் நுழைவதற்கு முன்பே களைத்துவிடுவீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியத்துக்கும் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கும் இலவசம். கூட்டம் அதே கதைதான். வெளிநாட்டிலிருந்து இவ்வளவு செலவழித்து வருகிறவர் 18 யூரோவை மிச்சம் பிடிக்க அந்த நாளைத் தேர்ந்தெடுப்பது வீண்.

ஜூன் 29 புனித பேதுரு, பவுல் திருநாள். அன்று ரோம் நகருக்கும் விடுமுறை, வாட்டிகன் அருங்காட்சியகமும் மூடியிருக்கும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தில் குடும்பமாக நடத்தும் உணவகங்கள் பல பூட்டியிருக்கும்.

இத்தனையையும் கழித்துப் பார்த்தால் எளிதாகப் பொருந்துவது செவ்வாய், புதன், வியாழன்: செவ்வாய் கொலோசியம், புதன் நகர மையமும் போர்கேஸேயும், வியாழன் வாட்டிகன். வேறு கிழமைகள் அமைந்தாலும் இதே தர்க்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மீறாதீர்கள்: ரோமில் இறங்கும் நாளில் எந்த டிக்கெட்டையும் பதிவு செய்யாதீர்கள். விமானம் தாமதமானால் கொலோசியம் பணத்தைத் திருப்பித் தராது.

2. பதிவுக்கு முன்: பெயர், கார்டு, ஓடிபி

கொலோசிய டிக்கெட்டில் பார்வையாளரின் பெயர் அச்சாகும். வாசலில் அதை அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். தமிழர்கள் தடுமாறும் இடம் இதுதான். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். இத்தாலியத் தளமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் நகர விடாது. அப்படியானால் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதுங்கள். இன்ஷியலைச் சுருக்கி எழுதுவது, ஊரில் கூப்பிடும் பெயரைப் போடுவது இரண்டும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அந்த எழுத்துகள்தான்.

அடுத்தது கார்டு. இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தொட்டுச் செலுத்தும் வசதியும் நாமே இயக்கிவிடும் வரை அணைந்தே இருக்கும். வங்கியின் செயலியில் இரண்டையும் இயக்கி, தினசரி வரம்பையும் பாருங்கள். தளம் பணம் எடுக்கும்போது ஓடிபி கேட்கும். எல்லாப் பதிவையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கே போய் உள்ளூர் சிம் போட்ட பிறகு ஓடிபி வராமல் தவிக்கிறவர்கள் அதிகம். ஊர் சிம்மில் குறுஞ்செய்தி பெறும் அளவுக்காவது ரோமிங்கை வைத்துக்கொண்டு, டேட்டாவுக்கு இ-சிம் போட்டுக்கொள்வது நல்லது. ஒரே வங்கியை நம்பாமல் இரண்டு கார்டு எடுத்துப் போங்கள். அவற்றை ஒரே பர்ஸில் வைக்காதீர்கள்.

நம் ஊர் போன் சார்ஜர்களில் மெல்லிய இரண்டு உருளைக் கம்பி கொண்டவை இத்தாலிய பிளக்கில் அப்படியே பொருந்தும். லேப்டாப்பின் தடித்த மூன்று கம்பி பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

3. எந்த டிக்கெட் முதலில்

விதி எளிது: கிடைக்க அரிதானது முதலில். தேதி வரிசைப்படி பதிவு செய்வதுதான் புதியவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை. எளிதில் கிடைக்கும் பாந்தியனைப் பதிவு செய்து முடிப்பதற்குள் வாட்டிகனின் நல்ல நேரங்கள் போயிருக்கும்.

வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கு ஏறக்குறைய 60 நாட்களுக்கு முன் பதிவு திறக்கும். நுழைவு 20 யூரோ, இணையப் பதிவுக்கு மேலும் 5 யூரோ. அதிகாரபூர்வத் தளத்தின் முகவரி வாட்டிகன் நாட்டுக்கே உரிய ‘வி.ஏ.’ என்ற இரண்டு எழுத்தில் முடியும். தேடுபொறியில் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் ‘காம்’ என்று முடிபவை. அவை இடைத்தரகர்களுடையவை, அதே நுழைவை இரு மடங்கு விலைக்கும் விற்பார்கள். நேரம் பகல் 2.30-ஐ ஒட்டி எடுங்கள், காரணம் 8-ஆம் பகுதியில்.

அடுத்தது போர்கேஸே. முன்பதிவு இல்லாமல் உள்ளே போக வழியே இல்லை. இரண்டு மணி நேர இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட பேரை மட்டும் விடுவார்கள். பிற்பகல் 3 மணி இடைவெளி இந்தத் திட்டத்துக்குப் பொருந்தும்.

மூன்றாவது கொலோசியம். சரியாக 30 நாட்களுக்கு முன் விற்பனைக்கு வரும். சாதாரண டிக்கெட் 18 யூரோ, அதிலேயே பண்டைய நகரச் சதுக்கத்தின் இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் அதையொட்டிய பலட்டைன் குன்றும் அடங்கும். நிலத்தடி அறைகளும் அரீனா தளமும் பார்க்க வேண்டுமானால் 24 யூரோ டிக்கெட். அது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இத்தாலி கோடையில் இந்தியாவை விட மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது. அதைக் கணக்கிட்டு அலாரம் வையுங்கள். தனியாளுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு: நான்கு டிக்கெட் சேர்ந்து கிடைக்காத நேரத்திலும் ஒற்றை டிக்கெட் தங்கியிருக்கும். தீர்ந்துபோனது என்று காட்டினாலும் அடுத்த சில நாட்கள் காலை, மாலை எட்டிப் பாருங்கள்.

பாந்தியனைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். 2023 ஜூலையில் 5 யூரோவில் கட்டணம் தொடங்கியது. சில நாட்களுக்கு முன் எடுத்தாலும் போதும்.

டிக்கெட்டுகளை எல்லாம் பிடிஎஃப் ஆகப் போனில் சேமித்து, ஒரு பிரதி அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த சுவர்களுக்கு நடுவே சிக்னல் போகும், பேட்டரியும் தீரும். அப்போது போனைக் கொடுத்து உதவ உடன் யாரும் இருக்கமாட்டார்கள்.

4. தங்குமிடம்

தெர்மினி ரயில் நிலையத்துக்கும் கொலோசியத்துக்கும் நடுவே உள்ள மோந்தி பகுதி தனியாளுக்குச் சௌகரியம். எங்கும் நடந்தே போகலாம், இரவிலும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். தெர்மினிக்குத் தெற்கே எஸ்குவிலீனோவில் விலை குறைவு. பியாத்சா வித்தோரியோ பக்கம் இந்திய, வங்கதேச மளிகைக் கடைகளும் உண்டு. வாட்டிகனை ஒட்டிய பிராத்தி அமைதியான இடம், ஆனால் கொலோசியப் பக்கம் தூரம்.

அறை வாடகைக்கு மேல் ஓர் இரவுக்கு இத்தனை என்று நகர வரி தனியாக வாங்குவார்கள். பதிவுத் தளத்தில் கட்டிய தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, எனவே கொஞ்சம் ரொக்கம் ஒதுக்குங்கள்.

5. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் தெர்மினியில் விடும், 14 யூரோ. பஸ் அதில் ஏறக்குறைய பாதி விலை, ஆனால் சாலை நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரமும் ஆகும். வெள்ளை நிற டாக்சிகளுக்குப் பழைய மதில் சுவருக்குள் எங்கு போனாலும் நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம், 55 யூரோ. வருகைக் கூடத்திலேயே வந்து ‘டாக்சி வேண்டுமா’ என்று கேட்பவர் எவரும் அந்தக் கட்டணத்துக்கு வரமாட்டார். வெளியே வரிசையில் நிற்கும் வண்டியில் மட்டும் ஏறுங்கள்.

தனியாளாக இருந்தால் ரயில்தான் கணக்குக்கு ஒத்துவரும். காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடை ஓரத்தில் உள்ள சிறிய இயந்திரத்தில் நுழைத்து நேர முத்திரை பதிக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டை முத்திரை இல்லாமல் கையில் வைத்திருப்பவருக்கும் அபராதம் உண்டு.

6. நகருக்குள் போக்குவரத்து

ஒரு பயணத்துக்கு 1.50 யூரோ. 100 நிமிடம் செல்லும்: பஸ் எத்தனை முறையும் மாறலாம், மெட்ரோவில் ஒரு முறைதான். தனி டிக்கெட் தேவையில்லை. மெட்ரோ வாயிலிலும் பஸ்ஸில் உள்ள கருவியிலும் கார்டைத் தொட்டால் போதும். எப்போதும் ஒரே கார்டையோ ஒரே போனையோ பயன்படுத்துங்கள். முதல் பஸ்ஸில் போனையும் அடுத்ததில் கார்டையும் தொட்டால் இரண்டு கட்டணம் கழியும். வங்கிக் கார்டு அதேதான் என்பது எடுபடாது.

பஸ்ஸில் ஏறியதும் தொட மறக்காதீர்கள். நடத்துநர் வந்து கேட்கமாட்டார். சோதனை ஆட்கள் திடீரென்று ஏறுவார்கள், அபராதம் 50 யூரோவைத் தாண்டும்.

சொல்லப்போனால் பாந்தியன், ட்ரெவி நீரூற்று, ஸ்பானியப் படிக்கட்டு, நவோனா சதுக்கம் எல்லாம் ஒன்றுக்கொன்று 20 நிமிட நடைக்குள் இருப்பவை. அங்கே பஸ்ஸுக்குக் காத்திருப்பதை விட நடப்பதே வேகம். மெட்ரோ தேவைப்படுவது கொலோசியத்துக்கும் வாட்டிகனுக்கும்தான். கொலோசியத்துக்கு பி பாதை, வாட்டிகனுக்கு ஏ பாதையில் ஒத்தாவியானோ நிலையம்.

தெர்மினியிலிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ் ஜேப்படிக்குப் பேர் போனது. தெர்மினி மெட்ரோ நிலையமும் அப்படித்தான். திருடுவது பெரும்பாலும் கதவு மூடும் நொடியில் நடக்கும்: நெருக்கித் தள்ளுவார்கள், நீங்கள் உள்ளே, பர்ஸ் வெளியே. பின்பாக்கெட்டில் எதுவும் வைக்காதீர்கள். முதுகுப் பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொண்டு, கதவை விட்டுத் தள்ளி உட்பக்கம் நில்லுங்கள்.

7. முதல் நாள்: விடியலில் ட்ரெவி, பிறகு கொலோசியம்

இந்தியாவிலிருந்து வந்திறங்கிய மறுநாள் நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். உடம்பின் கணக்கில் அப்போதே மணி ஏழரை. புரண்டு படுப்பதை விட இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆறரைக்கெல்லாம் ட்ரெவி நீரூற்றுக்குப் போனால் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் இருக்கும். பத்து மணிக்கு மேல் அங்கே தலைகள்தான் தெரியும். பகலில் குளத்தருகே இறங்க ஒரே நேரத்தில் 400 பேர் வரைதான் விடுகிறார்கள். 2026 பிப்ரவரியிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு அதற்கு 2 யூரோ கட்டணமும் வந்துவிட்டது. மேலே சதுக்கத்தில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை.

அங்கிருந்து கொலோசியம் 25 நிமிட நடை. வழியில் ஒரு காபிக்கடையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் அதே காபிக்கு விலை கூடும். வயிறு நிரம்பியிருப்பது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

கொலோசிய நேரம் காலை 9-க்குள் இருக்கட்டும். அரை மணி முன்னதாகப் போங்கள், விமான நிலையம் போன்ற சோதனை உண்டு. பெரிய முதுகுப்பை, கண்ணாடிப் பாட்டில், ஸ்ப்ரே டப்பா அனுமதியில்லை. சிக்கல் என்னவென்றால், இங்கே பை வைக்கும் அறை கிடையாது. ‘வாசலில் கொடுத்துவிட்டுப் போகலாம்’ என்று பயணப் பையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரிய பையைத் தங்குமிடத்தில் விடுங்கள், அறையைக் காலி செய்துவிட்டால் தெர்மினியில் உள்ள பை வைப்பு நிலையத்தில் விடுங்கள். பாஸ்போர்ட் இன்று உடன் இருக்க வேண்டும்.

உள்ளே முதலில் மேல் தளம், பிறகு கீழ்த்தளம். மேலிருந்து பார்த்தால் நிலத்தடி நடைபாதைகள் வரைபடம் போலத் தெரியும். அதன்பிறகு கீழே இறங்கினால் எது எங்கே என்று புரியும். ஒன்றரை மணி நேரம் போதும்.

அடுத்து பலட்டைனும் ஃபோரமும். வெளியே வந்ததும் எல்லோரும் கண்ணெதிரே தெரியும் ஃபோரம் வாசலுக்குப் போய் வரிசை கட்டுவார்கள். நீங்கள் இடப்பக்கமாக வியா தி சான் கிரெகோரியோ தெருவில் சில நிமிடம் நடந்து பலட்டைன் வாசலில் நுழையுங்கள். வரிசை குறைவு என்பது ஒரு காரணம். பலட்டைன் மேடு, ஃபோரம் பள்ளம் என்பது இன்னொன்று. கால் தெம்பாக இருக்கும்போது ஏறிவிட்டு, குன்றின் விளிம்பிலிருந்து ஃபோரம் முழுவதையும் பார்த்த பிறகு இறங்குவதே சரி. தலைகீழாகச் செய்கிறவர்கள் வெயிலில் ஏற மனமில்லாமல் பலட்டைனை விட்டுவிடுகிறார்கள்.

ஃபோரம்–பலட்டைன் வளாகத்துக்குள் ஒரே ஒரு நுழைவுதான். சாப்பிட வெளியே போய்விட்டால் திரும்ப முடியாது. அதனால்தான் காலையிலேயே வயிற்றைக் கவனிக்கச் சொன்னது. உள்ளே நிழல் மிகக் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், தொப்பி அவசியம்.

தண்ணீர் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். நகரெங்கும் ‘நசோனி’ எனப்படும் வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்கள் ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. இரவு பகல் ஓடும் குடிதண்ணீர். பாட்டில் இல்லாவிட்டால் வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடையுங்கள். மேல்வளைவில் உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். முதல் முறை அழுத்தமாக அடைத்தால் சட்டை நனையும்.

மாலைக்கு எதையும் பதிவு செய்யாதீர்கள், ஏழு மணிக்கே கண் சொருகும். விழித்திருக்க முடிந்தால் காம்பிதோலியோ குன்றின் நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்பக்கம் போய் ஃபோரத்தை மேலிருந்து பாருங்கள். அதற்குக் கட்டணமில்லை.

8. இரண்டாம், மூன்றாம் நாட்கள்: கோயில் நேரம், கூட்ட நேரம்

நகர மையத்தில் திட்டம் குலைவதற்குப் பெரிய காரணம் தேவாலயங்களின் நேரம். பலவும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிட்டுப் பிற்பகலில்தான் திறக்கும். அதனால் காலையில் தேவாலயங்கள், மதியம் சாப்பாடு, பிற்பகலில் அருங்காட்சியகம்.

இரண்டாம் நாள் காலை 9-க்குப் பாந்தியனில் இருங்கள். இது இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம்தான். சனி மாலையிலும் ஞாயிறு காலையிலும் திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உயரமும் ஏறக்குறைய ஒரே அளவு, 43.3 மீட்டர். உச்சியில் உள்ள வட்டத் திறப்புக்கு மூடி கிடையாது. மழை பெய்தால் உள்ளேயே விழும். நேர் கீழே தரையைக் கவனியுங்கள், பளிங்கில் சிறு துளைகள் இருக்கும். அந்தத் தண்ணீர் வடிவது அவற்றில்தான். மழை நாளில் அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்துவிடுவார்கள். காட்சி என்னவோ அன்றுதான் சிறப்பு.

ஐந்து நிமிட தூரத்தில் சான் லுயிஜி தேய் ஃபிரான்சேசி. கரவாஜியோ வரைந்த மூன்று புனித மத்தேயு ஓவியங்கள் இங்கே, அனுமதி இலவசம். சிற்றாலயம் இருட்டாக இருந்தால் பக்கத்தில் உள்ள பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். சில்லறை வைத்திருங்கள். அதன்பின் நவோனா சதுக்கம், கூட்டம் வருவதற்குள்.

மதியத்துக்கு ‘பீத்சா அல் தாலியோ’ கடைகள் தனியாளுக்கு ஏற்றவை. பெரிய தட்டிலிருந்து வேண்டிய அளவை வெட்டி எடைபோட்டுக் கொடுப்பார்கள். விலைப் பலகையில் இருப்பது 100 கிராமுக்கா கிலோவுக்கா என்று பாருங்கள். சைவர்கள் ‘சுப்ளி’ என்ற சோற்று உருண்டையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், உள்ளே இறைச்சிக் குழம்பு இருக்கலாம். உணவகத்தில் உட்கார்ந்தால் ‘கோபெர்த்தோ’ என்று தலைக்கு ஓரிரு யூரோ பில்லில் சேரும். அது மேசைக் கட்டணம்.

போர்கேஸேக்கு தெர்மினியிலிருந்து 910 பஸ். அரை மணி முன்னதாகப் போங்கள். கைப்பை உட்பட எல்லாவற்றையும் கீழ்த்தளத்தில் ஒப்படைக்க வேண்டும், அதற்கே வரிசை. உள்ளே விட்டதும் அந்த இடைவெளிக்கு வந்த அத்தனை பேரும் தரைத்தளச் சிற்பங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். நீங்கள் மாடிக்குப் போய் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, முக்கால் மணி கழித்து இறங்குங்கள். பெர்னினி 1622-க்கும் 1625-க்கும் இடையே செதுக்கிய அப்போலோ–டாஃப்னி சிற்பத்தைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கிச் சுற்றி வாருங்கள். முதலில் ஓடும் ஆணின் முதுகு, அடுத்து பெண்ணின் கூந்தல், கடைசியில் விரல் நுனிகள் இலைகளாக மாறும் இடம். அந்த இலைகள் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியவை. இரண்டு மணி முடிந்ததும் வெளியேற்றிவிடுவார்கள். அப்படியே பூங்கா வழியாக நடந்து பின்சியோ மேடைக்குப் போங்கள், சூரியன் மறைவதைப் பார்க்க நல்ல இடம். இறங்கும் வழியில் ஸ்பானியப் படிக்கட்டு. 135 படி, எதிலும் உட்காரக் கூடாது. 2019 முதல் இதற்கு அபராதம், 250 யூரோவில் தொடங்கும்.

இனி மூன்றாம் நாள், வாட்டிகன். பொதுவான அறிவுரை காலை முதல் வேளையாக அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்லும். அதையே குழுச் சுற்றுலாக்களும் செய்வதால் ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை உள்ளே நெரிசல் உச்சம். பசிலிக்காவோ காலை 7 மணிக்குத் திறக்கும், அப்போது வரிசை இருக்காது. பத்து மணிக்கு மேல் சதுக்கத்தைச் சுற்றி வளையும். ஆகவே பசிலிக்கா காலை, அருங்காட்சியகம் பிற்பகல்.

பசிலிக்காவுக்கு நுழைவு இலவசம். குவிமாடம் ஏற மட்டும் கட்டணம். மொத்தம் 551 படி. லிஃப்டில் போனால் கூரைத்தளம் வரைதான், மீதி 320 படியை எல்லோரும் ஏறியாக வேண்டும். மேலே போகப்போகச் சுவர் சாய்ந்து, பாதை ஒரு ஆள் அகலமாகும். நடுவில் திரும்ப இடமில்லை. மூச்சுத்திணறலோ அடைபட்ட இடங்களில் பயமோ உள்ளவர்கள் தனியாக ஏறவேண்டாம். குவிமாடத்தை முதலில் முடித்துவிட்டுப் பசிலிக்காவைப் பாருங்கள், படிக்கட்டு வரிசைதான் முதலில் நீளும்.

உடைக் கட்டுப்பாடு உண்மையிலேயே கடைப்பிடிக்கப்படுகிறது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். அரை டிரவுசரில் வந்து, வாசலில் விற்கும் காகிதத் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஆண்களை அங்கே தினமும் பார்க்கலாம். பெண்களுக்கு ஒரு துப்பட்டா போதும்.

அருங்காட்சியக வாசல் சதுக்கத்தில் இல்லை. வடக்கு மதிலைச் சுற்றி வியாலே வாத்திகானோ தெருவில் இருக்கிறது, சதுக்கத்திலிருந்து 20 நிமிட நடை. கடைசி நேரத்தில் வியர்க்க ஓடுகிறவர்கள் எல்லாம் இதை அறியாதவர்கள். வழியில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள் ‘வரிசை மூன்று மணி நேரம், உங்கள் டிக்கெட் செல்லாது’ என்பார்கள். நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள்.

உள்ளே நுழைந்ததும் சிஸ்டைன் சேப்பலுக்கு அம்புக்குறிகள் இழுக்கும். அவற்றைப் பின்பற்றும் முன் வாசலுக்கு அருகிலேயே இருக்கும் பினாகோதேகா ஓவியக்கூடத்தைப் பார்த்துவிடுங்கள். ரஃபேலின் கடைசி ஓவியம் அங்கே இருக்கிறது. ஆள் குறைவு. அம்பு வழியில் போனபிறகு எதிர்த்திசையில் திரும்புவது கடினம். அதன்பிறகு லாவோகூன் சிற்பம், 120 மீட்டர் நீள வரைபடக்கூடம், ரஃபேல் அறைகள், கடைசியில் சிஸ்டைன். அங்கே படம் எடுக்கத் தடை, பேசவும் கூடாது. சுவர் ஓரத்து நீள இருக்கையில் இடம் கிடைக்கும்வரை காத்திருந்து உட்காருங்கள். 1508 முதல் 1512 வரை மைக்கலாஞ்சலோ வரைந்த விதானத்தை நின்றபடி பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் கழுத்து பிடிக்கும்.

சிஸ்டைனிலிருந்து நேராகப் பசிலிக்காவுக்கு ஒரு கதவு உண்டு, அது வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கானது. தனியாள் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. பசிலிக்காவைக் காலையிலேயே முடித்துவிட்டதால் உங்களுக்கு அது தேவையும் இல்லை. பையை உள்ளே ஒப்படைத்திருந்தாலும் அருங்காட்சியக வாசலுக்கே திரும்பியாக வேண்டும். வெளியேறும் வழியில் 1932-இல் ஜூசெப்பே மோமோ வடிவமைத்த சுருள் சாய்தளம் வரும், மேல்விளிம்பில் நின்று கீழே பார்த்துவிட்டு இறங்குங்கள்.

9. திட்டம் கெட்டால்

வேலைநிறுத்தம்: இத்தாலியில் ‘ஷோப்பெரோ’ முன்பே அறிவிக்கப்படும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வரும். அன்றும் காலை 8.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் பஸ், மெட்ரோ ஓடியாக வேண்டும். அந்த நேரத்துக்குள் போய்ச் சேருங்கள், நடுவில் நடங்கள். விமானம் அன்றைக்கு என்றால் டாக்சிக்கான 55 யூரோவை ஒதுக்கிவையுங்கள்.

நேரம் தவறினால்: பதிவு செய்த நேரத்துக்குச் சற்றுப் பிந்தினாலும் வாசலுக்குப் போய்க் கேளுங்கள், சில வேளை விடுவார்கள். ஆனால் அதை நம்பி மெதுவாக வராதீர்கள்.

படம் எடுக்க: போனை யாரிடமாவது கொடுக்க வேண்டுமென்றால், தானே முன்வந்து ‘எடுத்துத் தரட்டுமா’ என்பவரிடம் கொடுக்காதீர்கள். குழந்தைகளோடு வந்திருக்கும் குடும்பத்தை நீங்களே தேர்ந்தெடுத்துக் கேளுங்கள், பதிலுக்கு அவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரலாம். கையில் கயிறு கட்டுபவர், ரோஜா நீட்டுபவர், ரோமானிய வீரர் வேடமிட்டவர் மூவரிடமும் பேச்சே வேண்டாம். வாங்கினால் காசு கேட்பார்கள்.

கழிப்பறை: தெருவில் அரிது. அருங்காட்சியகத்தை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொரு முறையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஏதாவது காபிக்கடையில் கவுன்டரில் ஒரு எஸ்பிரெசோ வாங்கிவிட்டுச் சாவி கேட்கலாம்.

பாஸ்போர்ட் தொலைந்தால்: முதலில் காவல் நிலையத்தில் ‘தெனுன்சியா’ எனப்படும் புகார்ப் பதிவு. அந்தத் தாள் இல்லாமல் தூதரகத்தில் வேலை நகராது. இந்தியத் தூதரகம் தெர்மினிக்கு அருகே வியா வெந்தி செத்தெம்ப்ரே தெருவில் உள்ளது. இலங்கைத் தூதரகமும் ரோமில் உண்டு. பாஸ்போர்ட் முகப்புப் பக்கம், விசா இரண்டின் நகலும், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படமும் பெட்டியின் அடியில் தனியாக இருக்கட்டும். அதே நகல்களை வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். எந்த அவசரத்துக்கும் 112.